தலைப்புறமாக

என் மகள் பனிமயத்துக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பெருமையாகத்தான் சொல்கிறேன். நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கும் கொற்கை நிலையத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள் அவள். எடையே இல்லாத இடத்தில் மேல் என்ன, கீழ் என்ன?

கொற்கை என்பது ஒரு மிதக்கும் துறைமுகம். தூரத்துக் கோள்களுக்குப் போகும் கப்பல்களை இங்கேதான் பூட்டுகிறோம், பிரிக்கிறோம், பழுது பார்க்கிறோம். தூத்துக்குடித் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர்களையும் வெல்டர்களையும் கம்பெனிக்காரர்கள் கொத்தாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நர்ஸாக வந்தவள் நான், பெயர் ஜெசிந்தா. ஆரம்பத்தில் கம்பெனிக்காரர்கள் எல்லா அறையிலும் ஒரு பக்கத்துக்குப் பச்சை அடித்து இதுதான் தரை என்றார்கள். எதிர்ப்பக்கத்துக்கு வெள்ளை அடித்து இதுதான் கூரை என்றார்கள். எங்கள் ஆட்களா கேட்பார்கள்? கூரையில் தூங்கி, தரையில் துணி காயப்போட்டார்கள். பேச்சிலிருந்து மேலும் கீழும் தானாகவே உதிர்ந்து போயின. அவரவர் உடம்பை வைத்துத் தலைப்புறமாக, கால்புறமாக என்று சொல்லப் பழகிவிட்டோம். பூமியை மட்டும் இன்னும் கீழே என்போம், அது ஊர்ப்பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் மருத்துவ அறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கமாக நம் தலையையும் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் கவிழ்ந்து கிடந்தால் நாமும் கவிழ வேண்டியதுதான். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. தலைகீழாகத் தெரியும் முகத்தில் வலியைப் படிக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். நம்பாதவர்கள் முயன்று பார்க்கலாம்.

பனிமயத்தை நான் திட்டம் போட்டுப் பெறவில்லை. வயிற்றில் இருப்பது தெரிந்தபோது என்னைப் பூமியில் இறக்க வேண்டிய கப்பல் பழுதாகிக் கிடந்தது. அது சரியாவதற்குள் அவள் வந்துவிட்டாள். நிலாச்சுற்றில் பிறந்த முதல் குழந்தை. அவள் அப்பா இன்றைக்கும் வெளித்தளத்தில் பளுதூக்கி ஓட்டுகிறார், சாந்தமான மனிதர், எனக்குப் பேச இடம் விட்டு ஒதுங்கிக்கொள்வார். பனிக்குப் பிறகு இங்கே இரண்டு பிரசவம் நடந்தது. ஒரு குழந்தை தங்கவில்லை. அதோடு கம்பெனி தடை போட்டது: சான்று பெற்ற டாக்டர் நிரந்தரமாக நிலையத்தில் இருந்தால் ஒழிய இனி இங்கே பிரசவம் கூடாது.

நிரந்தர டாக்டருக்கு எங்கே போவது? கீழிருந்து வருகிறவர்கள் ஆறு மாதத்தில் எலும்பு இளைக்கிறது என்று ஓடிவிடுவார்கள். பூமியில் உட்கார்ந்து இயந்திரக் கையை ஆட்டி அறுவை செய்யலாம் என்றும் பார்த்தார்கள். இங்கே ரத்தம் பீறிடுவது அங்கே தெரிந்து, அங்கே அசைத்த கை இங்கே அசைவதற்குள் மூன்று விநாடி ஓடிவிடுகிறது. அதுவும் சரிப்படவில்லை. அப்போதுதான் என் மகள், நான் படிக்கிறேன் என்றாள். வந்து போன ஒவ்வொரு டாக்டரிடமும் ஒட்டிக்கொண்டு கற்றாள். கீழே நடக்கும் வகுப்புகளையெல்லாம் இங்கிருந்தே படித்தாள். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் முதலிடம். கடைசிச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி, அதைத் தேர்வாளர் நேரில் பார்க்க வேண்டும். பனியால் பூமிக்குப் போக முடியாது. எடையில்லாமல் வளர்ந்த எலும்பும் இருதயமும் அங்கே நின்றால் நொறுங்கிவிடும். ஆக, தேர்வாளர்தான் வரவேண்டும் என்று ஆனது.

இந்தத் தேர்வை எங்களுக்கு மேல் எதிர்பார்த்தவள் அமலி. சமையல்கூடத்தில் வேலை செய்கிற பெண், ஐந்து மாத கர்ப்பிணி. அவள் புருஷன் கஸ்பார் கப்பல்தளத்தில் வெல்டர். பனி தேறிவிட்டால் அமலி புருஷனைப் பிரியாமல் இங்கேயே பெற்றுக்கொள்ளலாம். தோற்றால் அடுத்த கப்பலில் தனியாக இறங்க வேண்டும். தினமும் வந்து பனியின் வாயில் எதையாவது திணித்துவிட்டு, நல்லாப் படி தாயி என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வந்தவர் டாக்டர் பூவராகன். அறுபதைத் தாண்டிய பெரிய சர்ஜன், சென்னைக்காரர். வந்த நாள் முழுக்கக் குமட்டிக்கொண்டே இருந்தார். பச்சைத் தரையில் காலை வாரால் கட்டிக்கொண்டு, தூண் மாதிரி விறைப்பாக நின்றார். அதை அவிழ்க்கச் சொன்னால் முறைப்பார். நானும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், இவரும் இறங்கி வருவார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. எடுத்த எடுப்பில், தலைப்புறமாக என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். முதல் வகுப்புப் பிள்ளையிடம் அனா ஆவன்னா கேட்கிற தோரணை.

“ஒரு உடம்புக்குள்ள, அந்த உடம்போட மண்டையோடு இருக்கிற பக்கமா, சார்” என்றாள் பனி. “நின்னாலும் படுத்தாலும் கவுந்து கிடந்தாலும் அது மாறாது. பாக்குறவங்க எப்படி நிக்கிறாங்கங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

உதாரணம் கேட்டார். நுரையீரல் கல்லீரலுக்குத் தலைப்புறமாக இருக்கிறது, தொப்புளுக்கு நெஞ்சு தலைப்புறம், நெஞ்சுக்குக் கழுத்து தலைப்புறம் என்று அடுக்கினாள். மாட்டுக்கு எப்படி என்று மடக்கினார். மாட்டைத் தான் பார்த்ததில்லை, அதற்குத் தலை முன்னால் இருக்கும் என்று படித்திருப்பதால் தலைப்புறமாக என்றால் முன்னால்தான் என்றாள். தலைக்குள்ளேயே போய்விட்டால்? அங்கே இந்தச் சொல் உதவாது, மூக்குப்புறமாக என்று சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு நெஞ்சு விம்மியது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

அதன் பிறகு, சிறுநீரகத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டார். பனி முழித்தாள். மேலே என்றால் எந்தப் பக்கம் என்று அவரையே திருப்பிக் கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவரோ குத்திக்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, புருவத்தை நெரித்து, செய்முறைத் தேர்வு நாளைக்கு என்று முடித்துவிட்டார்.

பனி போனதும் நான் அவருக்குத் தேநீர்ப் பை கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண் எப்படி என்று கேட்டேன். எந்தத் தாய்தான் கேட்கமாட்டாள்?

“ரொம்ப நல்லாப் படிச்சிருக்காம்மா. அதுதான் என் பயமே” என்றார் அவர். “நான் பாஸ் போட்டா நாளைக்கே இங்க பிரசவம் நடக்கும். அப்புறம் இங்க பொறக்கறது சாதாரணமாயிடும். மண்ணுல ஒரு நாள்கூட நிக்க முடியாத பிள்ளைங்க வரிசையா வரும். அதுக்கு நான் கதவைத் திறந்து விடணுமா?”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் பிள்ளைக்கு என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். கையில்லையா, காலில்லையா, அறிவில்லையா? உங்கள் கல்லூரியில் கால் ஊன்றி நடக்கிற எத்தனை பேர் இவள் வாங்கிய மார்க்கை வாங்கினார்கள்? அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குறை என்று நான் சொல்லவில்லை, இங்கே இருக்கச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன் என்றார். நல்ல டாக்டர் என்று தெரிந்துவிட்டால் தோற்கடிக்க மனசாட்சி விடாது, அதனால் அவள் சுமாராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன் என்றும் சொன்னார். ஒளிக்காமல் பேசியதற்காக மட்டும் தேநீரைத் திரும்பப் பிடுங்காமல் வந்தேன்.

மறுநாள் தேர்வுக்கென்று ஒரு பொம்மை உடம்பைப் பூட்டி வைத்திருந்தோம். அதைத் தொடுவதற்குள் கப்பல்தளத்திலிருந்து மணி அடித்தது. பிரித்துக்கொண்டிருந்த ஓர் உத்தரம் நகர்ந்து வந்து ஓர் ஆளைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. எடை இல்லாவிட்டாலும் இரும்பு இரும்புதான், மெதுவாக வந்தாலும் நசுக்கும்.

கொண்டுவந்தது கஸ்பாரை.

கையில் கிடைத்த சரக்குப் பலகையில் மார்பையும் இடுப்பையும் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். தலை கட்டாமல் கிடந்தது. வந்த வேகத்தில் பலகையைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு, பனி சொன்னதும் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். கஸ்பாரின் தலை பச்சைத் தரைப் பக்கமாக, பூவராகனின் முழங்காலுக்கு நேராக இருந்தது. நான் சட்டென்று புரண்டு அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தேன். பனியும் அவனோடு ஒத்துத் திரும்பிக்கொண்டு மார்பில் காது வைத்தாள். உடைந்த விலா இடது நுரையீரலைக் குத்தியிருந்தது. காற்று நெஞ்சுக்குள் கசிந்து, வெளியேற வழியில்லாமல் நுரையீரலையும் இருதயத்தையும் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. பனி பின்கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அங்கேயும் ஒரு எலும்பு விலகியிருந்தது. தலை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் தண்டுவடம் போய்விடும், பிறகு கையும் காலும் இல்லை.

பூவராகனுக்கு நாங்கள் இரண்டு பேரும் தலைகீழாகத் தொங்குவதாகத் தெரிந்திருக்கும். அவர் நல்ல டாக்டர், ஆபத்து அவருக்கும் உடனே புரிந்தது. ஆனால் நாற்பது வருடமாக எந்த நோயாளியும் அவருக்கு வசதியாகத்தான் கிடந்திருக்கிறான். மேசையை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், சாய்ப்பார்கள், டாக்டர் நின்ற இடத்தில் நிற்பார். அந்தப் பழக்கத்தில், இவரைத் திருப்புங்கள், தலை இந்தப் பக்கம் வரட்டும், இப்படி இருந்தால் நான் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே பலகையின் கொக்கியில் கை வைத்துவிட்டார்.

“கைய எடுங்க, சார்” என்றாள் பனி.

அவர் அதிர்ந்து போய்ப் பார்த்தார்.

“நோயாளியத் திருப்பக்கூடாது. நீங்க திரும்புங்க.”

தேர்வு போயிற்று, இத்தனை வருடப் படிப்பும் போயிற்று என்று என் மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. மறுபக்கம், அடிச்சக்கை, இவளல்லவோ என் மகள் என்று துள்ளியது. பொய் சொல்ல மாட்டேன், துள்ளியதுதான் அதிகம்.

பனி அவரைக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அம்மா தலையைப் பிடித்திருக்கிறாள், ஊசியும் பிராணவாயுவும் எடுக்க அம்மா வேண்டும், ஆகவே தலையை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு இவரைப் போலவே திரும்பி வந்தால்தான் முடியும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். பூவராகன் கால் வாரை அவிழ்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அதை அவிழ்க்கிறார். சுவர்ப் பிடியைப் பற்றிக்கொண்டு உடம்பைச் சுழற்றினார். முகம் வெளிறி, கண் சொருகி, வாயிலெடுத்தார். அதைப் பைக்குள் பிடித்துக் கட்டிச் செருகிவிட்டு, என் கைக்கு மேல் கை வைத்துத் தலையை வாங்கிக்கொண்டார். அந்தக் கைகளைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். மனிதர் நடுங்கினார், கை நடுங்கவில்லை.

நான் பிராணவாயுவை மாட்டி, ஊசியை எடுத்துக் கொடுத்தேன். பனி அக்குளுக்கு நேராக விலா எலும்புகளை எண்ணிக்கொண்டே வந்து நிறுத்தினாள். ஊசியை வைத்தவள் ஒரு கணம் தயங்கினாள். உயிருள்ள நெஞ்சில் தனியாக இதைச் செய்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

“விலா எலும்போட தலைப்புற விளிம்பை ஒட்டிக் குத்தும்மா” என்றார் பூவராகன் மெதுவாக. “ரத்தக்குழாய் கால்புற விளிம்புலதான் ஓடுது. பயப்படாதே, சரியான இடத்துலதான் இருக்கே.”

சரி சார் என்று சொல்லிக் குத்தினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. கஸ்பாரின் நெஞ்சு ஏறி இறங்கியது, உதட்டில் நிறம் திரும்பியது. பிறகு குழாய் வைத்து, கழுத்துக்குப் பட்டை போட்டு, முள்ளெலும்பை நேராக்கிப் பிணைக்கும் வரை அவர் தலையை விடவே இல்லை. மேலே, கீழே என்று ஒரு வார்த்தையும் அவர் வாயில் வரவில்லை. எல்லாம் முடிந்ததும் பனிதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துவிட்டாள்.

கஸ்பார் கண் திறந்து கால் விரலை ஆட்டிக் காட்டிய பிறகு, பூவராகன் என்னைப் பார்த்தார். ஜெயித்துவிட்டீர்கள் என்று சொல்வாரோ என்று நினைத்தேன். அவர் பனியிடம் திரும்பி, நீ பாஸ், எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களில் என்னைக் கையை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நிறையப் பேர், ஒருவரும் சொன்னதில்லை என்றார். பிறகு, மற்றதெல்லாம் இனி உன் பொறுப்பு டாக்டர் என்றார். டாக்டர் என்று அவர் வாயால் சொன்னதை நான் காதால் கேட்டேன். அந்த மனிதரை அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

செய்தி பரவி நிலையமே அமர்க்களப்பட்டது. அமலி புருஷனைப் பார்த்து அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பனியின் கையைப் பிடித்தாள். கேசரி கிளறி எடுத்து வந்திருந்தாள். இனிமேல் நீதானே பெரிய டாக்டர், நான் இங்கேயே பெத்துக்கலாம்னு கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயி என்றாள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பூவராகன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இல்லக்கா. சார் போற கப்பல்லயே நீங்க ஊருக்குப் போங்க” என்றாள் பனி.

அமலிக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கழுத்தெலும்பு கூடுகிற வரை கஸ்பாரால் கப்பல் இறங்குகிற அழுத்தத்தைத் தாங்க முடியாது, அவன் இங்கேதான் கிடக்க வேண்டும். இந்த நிலைமையில் இருக்கிற புருஷனை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாளே, இவளுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

“ஏட்டி, அப்ப எதுக்குட்டி டாக்டருக்குப் படிச்ச?”

“இதுக்குத்தாம்மா படிச்சேன்” என்றாள். குரல் உயரவே இல்லை. “கீழ உள்ளவிய சொன்னா, நம்ம பிள்ளையள மட்டமாப் பாக்குதாவன்னு நீங்க சண்டைக்குப் போவிய. இங்க பொறந்தவ ஒருத்தி டாக்டராகிச் சொன்னாத்தான் கேப்பிய. நான் நல்லாத்தான் இருக்கேன்மா. எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா திரும்பிப் போக முடியாத எடத்துல ஒரு பிள்ளையப் பெத்துப் போட்டுட்டு, இதுதான் உன் ஊருன்னு சொல்லக்கூடாது. அது வளந்து வந்து, இங்க இருக்கேன்னு அதுவா சொல்லட்டும்.”

அமலி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா, ஒரு குறையும் வராது என்று பனி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அவள் பேசியது அமலியிடம்தான், ஆனால் பட்டது எனக்கு. அதோடு இன்னொன்றும் இருந்தது. நீங்க திரும்புங்க என்று தேர்வாளரிடம் சொன்னதை, எங்களிடமும் அதே குரலில் சொல்ல ஒரு பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்ற திமிர். இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு கேசரியை எல்லோருக்கும் பங்கு வைத்தேன்.

கப்பல் போனது. அமலிக்கு ஆண் குழந்தை பிறந்தது, தூத்துக்குடியில், மழைநாளில். கஸ்பாருக்குக் கழுத்து கூடிவிட்டது, அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்துவிடுவான். பூவராகன் தவறாமல் பனியோடு பேசுகிறார். அவருக்குச் சிக்கலான நோயாளி யாராவது வந்தால் இவளிடம் யோசனை கேட்கிறார், அதை நான் நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அமலி திரையில் வந்தாள். குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டிருந்தாள். கஸ்பார், பனி, நான், சமையல்கூடத்துக்காரர்கள் எல்லோரும் திரையை மொய்த்துக்கொண்டோம். குழந்தை முக்கியது. முகம் சிவந்தது. இரண்டு கையையும் பாயில் ஊன்றி, ஆடிக்கொண்டே தலையைத் தூக்கியது. ஒரு கணம் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு பொத்தென்று மூக்கை இடித்துக்கொண்டு விழுந்து, மறுபடியும் தூக்கியது. கஸ்பார் தேம்பித் தேம்பி அழுதான்.

பனி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் புத்தகத்தில்தான் படித்திருக்கிறாள். எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து மிதந்தாள்.

“நான் எப்பம்மா தலையத் தூக்குனேன்?” என்று கேட்டாள்.

எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த விஷயம் அது. எத்தனையாவது மாதம் தலை நின்றது, எப்போது குப்புற விழுந்தது, எப்போது தவழ்ந்தது என்று பெற்றவளைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எடையில்லாத இடத்தில் பிறந்த நாளிலிருந்தே அவள் தலை தானாக நின்றது, யாரும் தாங்கவும் இல்லை, அவள் தூக்கவும் இல்லை. அவள் முகத்தைப் பிடித்து என் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டேன்.

“உன் தலை என்னைக்குட்டி கவுந்துச்சு, தூக்குறதுக்கு?” என்றேன்.

அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் உருண்டையாகத் திரண்டு நின்றது. அதை என் முந்தானையால் ஒற்றி எடுத்தேன். வெளித்தளத்தில் யாருக்கோ கையில் வெட்டு என்று அழைப்பு வந்தது, என் மகள் கிளம்பிப் போனாள்.